அறுவடைக்கு முன் அலச எந்தத் தண்ணீர்?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கிளிஞ்சல்மேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு வரிசை பி.வி.சி. குழாய், ஒரு 200 லிட்டர் டிரம், ஒரு சின்ன பம்ப், ஓரத்தில் பத்துப் பதினைந்து தென்னை நார்த்தூள் பைகள். மண் இல்லாமல் சத்துக் கரைசலில் கீரை வளர்க்கும் ஏற்பாடு. இரண்டு வரிசையில் லெட்டூஸ், ஒரு வரிசையில் பாலக், ஒன்றில் புதினா. லெட்டூஸ் ஒரு ஓட்டலுக்கு, மற்றது தெருவுக்கு. வலை பின்னுற வருமானம் குறைஞ்ச பிறகு அண்ணி கையில் புரளும் காசு இதுதான்.

"தம்பி, வந்து பாருங்க. கடைசி ஒரு வாரம் வெறும் தண்ணிதான் விட்டேன். உரம் ஒரு சொட்டு இல்ல. அப்புறம் ஏன் இப்படிக் கருகுது?"

லெட்டூஸ் இலைகளின் ஓரம் முழுக்கப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். கசப்போடு கொஞ்சம் கரிப்பு. ஓட்டல்காரர் முந்தின நாளே கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். பக்கத்துக் குழாயில் அதே தண்ணீரைக் குடித்த பாலக் மட்டும் ஒன்றும் ஆகாத மாதிரி நின்றுகொண்டிருந்தது.

நான் காரைக்காலில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். விவசாயம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி வேதியியல் கேள்விதான். அன்றைக்கு ஆரம்பித்துப் பொங்கல் வரைக்கும் படித்ததையும், மாடியில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். கடலோரத்தில் இதே மாதிரி டிரம்மும் குழாயும் வைத்திருக்கும் யாருக்காவது ஒரு கூடை லெட்டூஸ் மிச்சமானால் சரி.

டி.டி.எஸ். பேனா சொன்னது

அண்ணியிடம் ஒரு டி.டி.எஸ். பேனா இருக்கிறது. சத்துக் கரைசலுக்கு 800 காட்டும்படி கலப்பார். "வெறும் தண்ணி" என்று அவர் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். அதில் அதே பேனாவை விட்டுப் பார்த்தேன். 1,450.

இந்தப் பேனாக்கள் உண்மையில் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. சில பேனாவில் அந்த எண் 0.5, சிலதில் 0.7. அதனால் இரண்டு பேர் பேனாவை ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். மின்கடத்துதிறனாகவே பேசுவது நல்லது, ஈ.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எங்கள் பேனா 0.5 ரகம். ஆக, சத்துக் கரைசல் 1.6 மில்லிசீமன்ஸ், போர் தண்ணீர் 2.9.

அதாவது, உரத்தைக் கழுவுகிறோம் என்று நினைத்து 1.6-ஐ எடுத்துவிட்டு 2.9-ஐ ஊற்றியிருக்கிறோம். அந்த ஒரு வாரமும் செடி உப்பில் ஊறியிருக்கிறது. அதுவும் நைட்ரேட், பொட்டாசியம் மாதிரி செடி எடுத்துக்கொள்ளும் உப்பு இல்லை, பெரும்பாலும் சோடியம் குளோரைடு. செடி தண்ணீரை மட்டும் உறிஞ்சும், உப்பு டிரம்மிலேயே தங்கும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற டிரம் இன்னும் கரிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. மனுஷனுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தண்ணீரை லெட்டூஸ் பொறுத்துக்கொள்ளவில்லை.

பாலக் ஏன் பிழைத்தது? நாம் பாலக் என்று சொல்வது வெளிநாட்டு ஸ்பினாச் இல்லை, பீட்ரூட்டின் உறவுக்காரச் செடி. பீட்ரூட்டின் மூதாதை கடலோரத்தில் முளைத்தது. உப்புத் தாங்கும் பட்டியல்களில் பீட்ரூட் மேலே, லெட்டூஸ் கீழே. ஒரே குழாய்த் தண்ணீருக்கு ரெண்டு செடி ரெண்டு விதமாகப் பதில் சொன்னதன் காரணம் அதுதான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அண்ணியைக் கேட்டேன். கனடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் சொன்னானாம்: "கடைசி ஒரு வாரம் உரத்த நிறுத்திட்டு வெறும் தண்ணி விடும்மா, ருசி கூடும்." அவன் வேலை பார்ப்பது கஞ்சா வளர்க்கும் உரிமம் பெற்ற ஒரு கண்ணாடிக் கூடாரத்தில். அங்கே 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில். நம் நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். எனவே இந்தப் பதிவு கீரைக்கு மட்டும்தான். ஆனால் "அலசல்" என்கிற பழக்கத்தை ஒரு சடங்கு மாதிரி வளர்த்தெடுத்தவர்கள் அந்தத் தொழில்காரர்கள் என்பதால், அவர்கள் அதைப் பரிசோதித்தபோது என்ன தெரிந்தது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

அவர்கள் நம்பிக்கை இது: பூ முற்றும் கடைசி ஒன்றிரண்டு வாரம் சுத்தமான தண்ணீரை மட்டும் ஓட்டினால், செடிக்குள் தேங்கியிருக்கும் உர உப்பெல்லாம் வெளியே வந்துவிடும், புகை கரகரக்காது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் வந்த ஒரு முதுகலை ஆய்வேடு இதைச் சோதித்தது. அலசிய செடியின் பூவிலும் அலசாத செடியின் பூவிலும் தாதுச் சத்துகளின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு உர நிறுவனம் 14 நாள், 10 நாள், 7 நாள், அலசாதது என்று நான்கு விதமாகப் பிரித்துப் பார்த்தது. வீரியத்திலும் மணப்பொருள்களிலும் வித்தியாசம் தெரியவில்லை. எது எது என்று சொல்லாமல் கொடுத்தபோது, அலசியதுதான் மேல் என்று யாரும் தேர்ந்தெடுத்துவிடவும் இல்லை. உரம் விற்கிறவர்கள் செய்த சோதனை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். இருந்தாலும் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஏன் அப்படி என்பதுதான் இந்தப் பதிவின் மையம்.

தண்ணீர் எதைக் கழுவும், எதைக் கழுவாது

செடி குழாய் இல்லை. கீழே நல்ல தண்ணீரை ஊற்றினால் மேலே இருக்கும் உப்பு அடித்துக்கொண்டு வெளியே வராது. வேருக்கு வெளியே இருப்பதை மட்டும்தான் தண்ணீர் கழுவ முடியும்: குழாயில் நிற்கும் கரைசல், நார்த்தூளில் படிந்த உப்பு, வேரின் மேல் ஒட்டியது. அவ்வளவுதான்.

இலைக்குள் போய்விட்டது போய்விட்டதுதான். அதைக் குறைக்க ஒரே வழி, செடியே அதை எடுத்துச் செலவழிப்பது. இதில் சத்துக்குச் சத்து குணம் மாறும். நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செடிக்குள் நகரும். வெளியே வரத்து நின்றால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துச் சமாளிக்கும். கால்சியம் அப்படி இல்லை. வேரிலிருந்து தண்ணீரோடு மேலே ஏறும், ஏறிய இலையிலேயே தங்கிவிடும், திரும்பி வராது. அதனால் கால்சியம் துளியும் இல்லாத தண்ணீரை ஒரு வாரம் ஓட்டினால், பழைய இலை நன்றாக இருக்கும்போதே நடுக்குருத்தின் நுனி கருகும்.

ஆக, "அலசல்" என்று நாம் சொல்வதில் ரெண்டு வேலை கலந்து கிடக்கிறது. ஒன்று, வேர்ப் பகுதியில் சேர்ந்த உப்பைக் கழுவுவது. இன்னொன்று, நைட்ரஜனை நிறுத்தி, செடியைத் தன் கையிருப்பைச் சாப்பிட வைப்பது. இரண்டுக்கும் வேண்டிய தண்ணீர் "சைபர் டி.டி.எஸ்." தண்ணீர் இல்லை. சோடியமும் குளோரைடும் குறைவாக, கால்சியம் கொஞ்சம் உள்ள, நைட்ரேட் இல்லாத தண்ணீர்.

அப்படியானால் கீரையை ஏன் அலச வேண்டும்?

கஞ்சாப் பூவுக்கு நிரூபணமாகாத விஷயம் கீரைக்கு ஓரளவு பொருந்துகிறது. காரணம் நைட்ரேட். லெட்டூஸ், ஸ்பினாச், தண்டுக்கீரை வகைகள் எல்லாம் நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கும் செடிகள். இலையின் பரப்பைவிடக் காம்பிலும் தண்டிலும் அதிகம் சேரும். மண்ணில் நைட்ரேட் ஏறி இறங்கும். நம் டிரம்மில் கடைசி நாள் வரைக்கும் தாராளமாகக் கிடைக்கும், செடியும் வாங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வரம்பே வைத்திருக்கிறது. மூடிய கூடாரத்தில் வளர்த்த லெட்டூஸுக்குக் குளிர்காலத்தில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம், கோடையில் 4,000, ஸ்பினாச்சுக்கு 3,500. குளிர்காலத்துக்கு ஏன் கூடுதல்? நைட்ரேட்டைப் புரதமாக மாற்றும் நொதிக்கு வெளிச்சம் வேண்டும். வெயில் குறைந்தால் செலவு குறையும், கையிருப்பு ஏறும். அதே காரணத்தால்தான் விடிகாலையில் பறித்த கீரையைவிட வெயில் காய்ந்த சாயங்காலக் கீரையில் நைட்ரேட் குறைவாக இருக்கும்.

பயப்பட வேண்டாம். கீரை சாப்பிடுவதன் நன்மை இதையெல்லாம்விடப் பெரியது. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் நைட்ரேட் வரை பாதகமில்லை என்பது சர்வதேச அளவுகோல். 60 கிலோ ஆளுக்கு அது 222 மில்லிகிராம். வேகவைத்து நீரை வடித்தால் ஒரு பகுதி போய்விடும். ஆனால் லெட்டூஸை யாரும் வேகவைப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ஆகாது என்பதால்தான் குடிநீரில்கூட அதற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று தளர்வே இல்லாத வரம்பு வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு வளர்க்கிறவர் கடைசி சில நாள் நைட்ரஜனை நிறுத்துவது நியாயமான கவனம். லெட்டூஸில் இது பலமுறை சோதிக்கப்பட்டது. சில நாளிலேயே நைட்ரேட் கணிசமாக இறங்கும். ஒரு வாரத்துக்கு மேல் நீட்டினால் எடை குறையும், அடி இலை மஞ்சளாகும். எங்கள் மாடியில் மூன்று நாள் என்று முடிவு செய்தோம்.

கிளிஞ்சல்மேட்டில் கிடைக்கும் தண்ணீர்கள்

*போர் தண்ணீர்.* கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, பாயசத்தின் மேல் நெய் மாதிரி. கடல்நீர் நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். மே மாதத்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும்போது நடப்பது இதுதான். எங்கள் போர் ஜனவரியில் 1.3 காட்டியது, மே மாதத்தில் 2.9. "நல்லா ஓட விட்டா தெளிஞ்சுடும்" என்று மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம், உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்து பார்த்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அங்கே தொடர்ந்து அளந்தபோது, அந்த இறைப்பு பெரிதாக உதவவில்லை, கிணறுகளைத் தேற்றியது மழைதான் என்று தெரிந்தது. அளவு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேதான் வரும்.

இன்னொன்றும் உண்டு. ஊர் பெயரிலேயே கிளிஞ்சல் இருக்கிறது. கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு. சிப்பி கலந்த மணல் வழியாக இறங்கும் தண்ணீர் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு வரும். கால்சியம் நமக்கு வேண்டியது. பைகார்பனேட் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே போகும், இரும்புச் சத்தை முடக்கும்.

*தெருக்குழாய்த் தண்ணீர்.* கிடைக்கும் நாளில் மோசமில்லை. குளோரின் வாசனை வந்தால் வாயகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். ஆனால் அது குடிக்க வருகிற தண்ணீர். வெயில் காலத்தில் குடத்தை ஒதுக்கிவிட்டுச் செடிக்குப் பிடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

*கேன் தண்ணீர்.* ஆர்.ஓ. தண்ணீரில் சோடியமும் இல்லை, கால்சியமும் கிட்டத்தட்ட இல்லை. 200 லிட்டர் டிரம்முக்குப் பத்து கேன். கேன் 30, 40 ரூபாய் என்றால் ஒரு அலசலுக்கு 300, 400 ரூபாய். அண்ணிக்குக் கட்டாது. அதோடு, ஆர்.ஓ. ஆலையும் இதே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகிறது. நல்லதை எடுத்துக்கொண்டு இன்னும் கரிப்பான மிச்சத்தை வெளியே விடுகிறது. நம் செடி சுத்தமாக வேண்டும் என்று ஊர்த் தண்ணீரை உப்பாக்குவதில் அர்த்தமில்லை.

*ஏசி தண்ணீர்.* உப்பு இல்லாதது. ஆனால் தூசியும் பாசியும், சில சமயம் செம்புக் குழாயின் செம்பும் கலந்திருக்கும். சாப்பிடும் கீரைக்கு நான் சேர்ப்பதில்லை.

*மழைத் தண்ணீர்.* நம்மிடம் இருப்பதிலேயே சிறந்தது, செலவும் இல்லாதது. கடல் காற்றில் கொஞ்சம் உப்பு ஒட்டியிருக்கும், தளத்துச் சிமெண்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். இருந்தும் எங்கள் தொட்டியில் 0.05-க்கு மேல் போகவில்லை.

சுத்தமான தண்ணீரும் கெடுதல் செய்யும்

மழைத் தண்ணீர் கிடைத்ததும் அதை அப்படியே நார்த்தூள் பைகளில் ஊற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைத் தடுத்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்த வயல்களில் நடந்ததைப் பற்றிப் படித்தது.

கடல் ஏறிய நிலத்தில் இரண்டு கேடு. ஒன்று உப்பு. அதை மழை கழுவிவிடும். ஓர் அடி ஆழ மண்ணை ஓர் அடி உயரத் தண்ணீர் கடந்து போனால் உப்பில் முக்கால் பங்கு இறங்கிவிடும் என்பது பொதுவான கணக்கு. இன்னொன்று, களிமண் துகளில் கால்சியம் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்ட சோடியம். இதை வெறும் தண்ணீர் அசைக்காது. மேலும், உப்பு போய் சோடியம் மட்டும் தங்கினால் களிமண் கலைந்து, துளைகள் அடைபட்டு, தண்ணீர் இறங்காத தகடாகிவிடும். அதனால்தான் நாகப்பட்டினம், காரைக்கால் பகுதி வயல்களில் ஜிப்சம் போடச் சொன்னார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் துரத்தும், பிறகு மழை அதைக் கொண்டுபோகும். இந்த வரிசை முக்கியம்.

நார்த்தூள் களிமண் இல்லை, அடைபடாது. ஆனால் அதற்கும் களிமண் மாதிரியே சோடியம், பொட்டாசியம், கால்சியத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. போர் தண்ணீரில் ஊறிய பையில் சோடியம் நார்த்தூளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெறும் மழைத் தண்ணீர் வெளியில் திரிகிற உப்பைக் கழுவும், பிடித்துக்கொண்டதை விடாது. ஜிப்சம் கரைத்த தண்ணீர் ரெண்டையும் வெளியேற்றும்.

நாங்கள் தயாரிக்கும் முறை

ஒன்று. கலவை. முழுக்க மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. கோடையில் சிக்கனம் வேண்டுமென்றால் மூன்று பங்கு மழைக்கு ஒரு பங்கு போர். 2.9-ம் 0.05-ம் இந்த விகிதத்தில் சேர்ந்தால் 0.76 வரும். உங்கள் போர் வேறாக இருக்கும், அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அலசல் தண்ணீர் 1-ஐத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட கோடு.

இரண்டு. ஜிப்சம். தனி மழைத் தண்ணீருக்கு 100 லிட்டருக்கு 30 கிராம் ஜிப்சம், 20 கிராம் எப்சம் உப்பு. இது லிட்டருக்குச் சுமார் 70 மில்லிகிராம் கால்சியமும் 20 மில்லிகிராம் மெக்னீசியமும் தரும். போர் கலந்த தண்ணீரில் கொஞ்சம் ஏற்கெனவே இருப்பதால் 15 கிராம் ஜிப்சம் மட்டும். ஜிப்சம் சர்க்கரை மாதிரி கரையாது. ஒரு வாளியில் போட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். வண்டல் பம்ப்பை அடைக்கும்.

மூன்று. பி.எச். ஜிப்சம் போட்ட பிறகுதான் பார்க்க வேண்டும். உப்பே இல்லாத மழைத் தண்ணீரில் மீட்டர் தடுமாறும், ஒரு சொட்டு அமிலத்துக்கே அதலபாதாளம் போகும். 5.8-லிருந்து 6.2 வரை வைக்கிறோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் விற்கும் "பி.எச். டவுன்" பாட்டில் சிலவற்றில் இருப்பது நைட்ரிக் அமிலம். பைகார்பனேட் நிறைந்த போர் தண்ணீரை முழுசாக அதை வைத்துச் சரிக்கட்டினால் லிட்டருக்கு 300 மில்லிகிராம் நைட்ரேட் வரை நாமே ஊற்றிவிடுவோம். நைட்ரேட்டை நிறுத்தத்தானே அலசுகிறோம்! லேபிளைப் பார்த்து பாஸ்பாரிக் அமிலம் வாங்குங்கள், இல்லையென்றால் சிட்ரிக் அமிலம். எதுவானாலும் தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் அண்ணிக்கும் சொன்னேன்.

நான்கு. சூடு. மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 35 டிகிரியில் 7-க்குக் கீழேதான் தாங்கும். வேர் மூச்சு முட்டும். விடிகாலையில் மாற்றுங்கள்.

ஐந்து. மாற்றுவது. குழாய்களுக்கு: பழைய கரைசலை முழுக்க வடித்துவிட்டு, புதுத் தண்ணீரை விட்டு, மூன்று நாள் ஓட்டினால் போதும். பைகளுக்கு: மேலே ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து அளக்க வேண்டும். வடியும் தண்ணீரின் ஈ.சி. ஊற்றும் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும் வரை ஊற்றுங்கள். "ரெண்டு குடம் ஊத்தினேன்" என்பது கணக்கில்லை, வடிகிறது சொல்வதுதான் கணக்கு. வடித்த கரைசலைச் சாக்கடைக்கு விடாமல் தென்னைக்கு ஊற்றுகிறோம். தென்னை அந்த உப்பைத் தாங்கும், நைட்ரஜனையும் வீணாக்காது.

ஆறு. மூன்றாம் நாள் வெயில் சாய்ந்த பிறகு பறிப்பது. வாடாமலிருக்க ஈரத்துணி போட்டு நிழலில் வைத்துக் காலையில் ஓட்டலுக்கு.

நவம்பர் மழை, மே மாதத்துக்கு

மழைத் தண்ணீர் நவம்பரில் கொட்டும். அது தேவைப்படுவது மே மாதத்தில். எங்கள் ஊருக்கு வருகிற மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்து முடிந்துவிடுகிறது. எங்கள் தளம் சுமார் 600 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 56 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே ஒரு நாள், தளம் கழுவும் முதல் தண்ணீரை விட்டுவிட்டாலும், இரண்டு ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பிவிடும். ஒரு அலசலுக்கு மழைத் தண்ணீர் 150 லிட்டர் என்றால் பதின்மூன்று அலசல். ஒரு கோடைக்குத் தாராளம்.

போன அக்டோபரில் பழைய கறுப்புத் தொட்டி ரெண்டு வாங்கினோம். வெளிச்சம் புகாவிட்டால் பாசி பிடிக்காது. வாயிலும் வழிவுக் குழாயிலும் கொசுவலை கட்டாயம், டெங்குக் கொசு தேடுவது இந்த மாதிரி தண்ணீரைத்தான். அண்ணன் மீன் வலைத் துண்டைக் கட்டப் பார்த்தார். "அது மீனுக்கு, இது கொசுவுக்கு" என்று அண்ணி பிடுங்கிப் போட்டுவிட்டு நைலான் கொசுவலை கட்டினார்.

செய்து பார்த்ததில் தெரிந்தது

பொங்கலுக்கு முந்தின அறுவடையில் ஒரு லெட்டூஸ் வரிசையை மட்டும் தனி வாளி, தனி பம்ப் வைத்து மூன்று நாள் அலசினோம். இன்னொன்றுக்குக் கடைசி வரை சத்துக் கரைசல். இரண்டிலும் இலை கருகவில்லை. காம்புச் சாற்றை இருபது மடங்கு நீர்த்து, மீன் தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் தாளில் தொட்டுப் பார்த்தேன். அலசாததின் நிறம் 100 கட்டத்தில், அலசியதின் நிறம் 50 கட்டத்தில். தாள் சோதனைதான், துல்லியம் கிடையாது, ஆனால் திசை தெரிகிறது.

ருசி? வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக ஆறு பேருக்கு எது எது என்று சொல்லாமல் கொடுத்தோம். மூன்று பேர் இது, இரண்டு பேர் அது, ஒருவர் "ரெண்டும் தழைதான்". மகன் சொன்ன ருசி எங்கள் நாக்குக்கு எட்டவில்லை. மே மாதத்து லெட்டூஸ் கசந்ததற்குக் காரணம் உரம் இல்லை, அலசல் என்ற பெயரில் நாங்கள் ஊற்றிய உப்பு.

அண்ணி இப்போது மாடிக்கு எந்தத் தண்ணீர் ஏறினாலும் முதலில் பேனாவை விடுகிறார். போன வாரம் மகன் கூப்பிட்டபோது சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "வெறும் தண்ணின்னு ஒண்ணு கிடையாதுடா. எந்தத் தண்ணின்னு கேளு."

உங்கள் போர் மே மாதத்தில் எவ்வளவு காட்டுகிறது? அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.